இப்போதைய பயன்: இல்லை

1993-ஆம் ஆண்டு ஜூலை 17, சனிக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பாசாரில், அதாவது காலைச் சந்தையில், ஒரு காளான் கூடைக்கு முன்னால் அம்மா குனிந்தபோது இது தொடங்கியது. நேரம் எனக்கு நினைவிருப்பதற்குக் காரணம், எதிர்ப்புற மீன்கடையின் கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டிருந்ததுதான். பேரம் பேசும் இடங்களில் எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரிவதில்லை.

"தங்கச்சி, நீங்க யூனிவர்சிட்டிதானே? எங்க வீட்டுல ஃபாரம் எழுதினீங்களே."

காளான் விற்றவர் கேட்டார். நாற்பது வயதிருக்கும். முகம் உடனே நினைவுக்கு வந்தது. இரண்டு வாரங்களுக்கு முன், நிபோங் திபாலை ஒட்டிய ஒரு தோட்டத்தில், கணவர் பேசிக்கொண்டிருக்க, கதவோரமாக நின்று எனக்குத் தேநீர் கொடுத்தவர்.

"தெரிஞ்ச ஆளோ?" என்றார் அம்மா.

தெரிந்தவர் என்று சொல்லலாமா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அவர் வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, வானொலி உண்டா என்பதெல்லாம் தெரியும். பெயர் தெரியாது. படிவத்தில் குடும்பத் தலைவரின் பெயருக்கு மட்டுமே இடம் இருந்தது.

அந்த விடுமுறையில் நான் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையின் ஓர் ஆய்வுக்குக் கணக்கெடுப்பாளராக வேலை செய்தேன். செம்பனை ஆலைகள் எண்ணெய் பிழிந்தபின் வெளியே தள்ளும் வெற்றுக் குலைகளிலிருந்து நாரும் உரமும் பலகையும் செய்யும் தொழில்கள் அப்போது புதிதாக முளைத்துக்கொண்டிருந்தன. அவை வந்தால் ஒரு வட்டாரத்துக்கு எவ்வளவு நன்மை என்று அளப்பதே ஆய்வின் நோக்கம். நான் இலக்கிய மாணவி. தோட்டங்களில் தமிழில் கேள்வி கேட்க ஆள் வேண்டியிருந்ததால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அளக்கும் முறை எளிமையானது. அட்டவணையின் முதல் பத்தியில் ஒரு பொருளின் இன்றைய மதிப்பு. இரண்டாவதில் புதிய தொழில் வந்தபின் அதன் மதிப்பு. மூன்றாவதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். முதல் பத்தியில் சுழியம் என்றால் இரண்டாவது முழுவதும் நன்மையாகிவிடும். அந்தத் தோட்டத்து ஆலைக்குப் பின்னால் இருந்த வெற்றுக் குலைக் குவியலுக்கு நான் எழுதியது: "இப்போதைய பயன்: இல்லை."

எழுதுவதற்கு முன் குவியலைச் சென்று பார்த்தேன். பத்துப் பதினொரு குச்சிகள் அதில் ஆங்காங்கே நடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு: மஞ்சள் துணி, சிவப்புத் துணி, பச்சைப் பிளாஸ்டிக். இருபது அடி தள்ளி, மரத்தடியில் சூலம் நட்ட ஒரு சிறு கோயில். வேண்டுதல் என்று முடிவு செய்தேன். பிறருடைய வேண்டுதலைப் பற்றி விசாரிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம் நாங்கள். தோட்டத்துக் கோயில்களைப் பற்றி எங்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதையில் அறியாமை எவ்வளவு என்று நான் அதுவரை பிரித்துப் பார்த்ததில்லை. ஓரக் குறிப்பில் "துணிகள் – சமயம் சார்ந்தவை" என்று எழுதினேன். குடும்பத் தலைவரைக் கேட்க வேண்டும் என்பது விதி, கேட்டேன். ஆலையில் வேலை செய்யும் அவர், "அது குப்பைதான்மா" என்றார். மனைவியைக் கேட்கும் விதி இல்லை.

இப்போது பாசாரில் அந்த மனைவி, நான் கேட்காமலே, சொன்னார்.

"நாலு மணிக்கே டார்ச் அடிச்சுப் பறிச்சது, ஆன்ட்டி. குடை விரிஞ்சா யாரும் வாங்க மாட்டாங்க. எண்ணெ ஆலை கிலாங் பின்னால குலை போட்டிருக்காங்கல்ல, அதுல வர்ற காளான்."

"அந்தத் துணி கட்டின இடத்திலா?" என்று கேட்டேன்.

"ஆமா. மஞ்சள் என்னுது. அவங்கவங்க கலரு அவங்கவங்க இடம். ஒருத்தி இடத்துல இன்னொருத்தி கை வைக்க மாட்டா."

"நான் சாமிக்கு என்று நினைத்தேன்."

அவர் பக்கத்தில் கீரை விற்ற பெண்ணின் தோளைத் தட்டிச் சிரித்தார். "கேட்டியா அக்கா? சாமிக்காம்! சாமிக்குக் கட்டுறவ எவளாச்சும் உரமூட்டைப் பிளாஸ்டிக்க கிழிச்சுக் கட்டுவாளா? முனியாண்டி அடிச்சே போட்டுருவாரு லா!"

கீரைக்காரரும் சிரித்தார். அம்மா காளானைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருந்தார்.

சிரிப்பு அடங்கியபின் அவர் குரல் தாழ்ந்தது. "சிரிக்கிறேன், ஆனா வயிறு எரியுது தங்கச்சி. அடுத்த மாசம் லாரி வந்து குவியல மொத்தமா அள்ளிட்டுப் போகுதாம், நார் ஃபேக்டரிக்கு. மேனேஜர் சொன்னாரு, யாருக்கும் உபயோகம் இல்லன்னு யூனிவர்சிட்டிக்காரங்களே எழுதிட்டாங்களாம். எம் பொண்ணு ஸ்கூல்ல ஃபாரம் ஃபைவ் படிக்குது. பஸ்ஸு, புக்கு எல்லாம் இந்தக் கூடையிலதான் ஓடுது. யாரு அப்படி எழுதினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"விசாரிக்கிறேன்" என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் பதிலும் இல்லை. அவர் அம்மாவின் பொட்டலத்தில் ஒரு கைப்பிடி காளானைக் கூடுதலாக வைத்தார்.

பத்து மணிக்கு நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். ஆய்வை நடத்திய விரிவுரையாளர் சனிக்கிழமைகளில் ஒரு மணி வரை அறையில் இருப்பார். மேசை மீது அட்டவணைகள் தட்டச்சுக்குத் தயாராக இருந்தன. நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"லிட்ரேச்சர் படிக்கிறவங்ககிட்ட இதுதான் பிரச்சினை. ஒரு துணியப் பார்த்தாக்கூட அதுக்கு மீனிங் கண்டுபிடிச்சிருவீங்க."

"ஆமாம், சார்."

"அந்த ஆளே குப்பைன்னு சொல்லியிருக்காரே?"

"அவரைத்தான் கேட்டேன். பறிப்பவர்களைக் கேட்கவில்லை."

அவர் படிவத்தைத் தேடி எடுத்து என் ஓரக் குறிப்பைப் படித்தார். அவர் கோபப்படவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"மில்லுக்கு நான் ஃபோன்ல சொன்னது இத வெச்சுத்தான். மண்டே பன்னெண்டு மணிக்கு டைப்பிங் போகுது. ஒரு நாள் பறிப்போட எடை கொண்டு வாங்க, இடம் இடமா, ஆள் ஆளா. இருந்தா முதல் பத்தியில சுழியத்த மாத்துறேன், ஒரு குவியல விட்டு வைக்கணும்னு மில்லுக்கும் எழுதுறேன். நம்பர்தான் வேணும். கதை வேணாம்."

"நாளை கொண்டு வருகிறேன்" என்றேன்.

"நாளைக்கு சண்டே. நான் இங்க இருக்க மாட்டேன்."

"திங்கள் காலை" என்று திருத்திக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா மாவு நிறுக்கும் தராசைச் சமையலறை அலமாரியிலிருந்து எடுத்து, துவாலையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

"தராசை எங்க கொண்டு போறாய்?" என்றார் அம்மா, படுக்கையிலிருந்து எழாமலே.

"ஒரு தவற்றை நிறுக்க" என்று சொல்லத் தோன்றியது. அப்படிப் பேசுகிறவள் நான் இல்லை. "மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன்" என்றேன்.

தீவிலிருந்து ஆறு மணிப் படகில் எதிர்க்கரைப் பட்டர்வொர்த், அங்கிருந்து பஸ். தோட்டத்து நுழைவாயிலில் இறங்கியபோது ஏழு ஐம்பது. ஆலை அன்று ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காளான் தோட்டத்து வீடுகளிலேயே விற்றுப்போகும், அதனால் பறிப்பு விடிந்தபின்தான். குவியலைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் குனிந்திருந்தார்கள். சிலர் முடித்துக்கொண்டு கிளம்பும் நேரம். குலைகளின் புளித்த வாடை. மஞ்சள் துணிக்கருகில் அவர் நிமிர்ந்தார்.

"என்ன தங்கச்சி, காளான் பத்தலையா?"

நிறுத்து எழுத வந்திருப்பதாகச் சொன்னேன். சிரிப்பு நின்றது. சிவப்புத் துணிக்காரர், வயதில் மூத்தவர், தன் கூடையை முந்தானையால் மூடினார்.

"எழுத வேணாம். எழுதினா மேனேஜருக்குத் தெரியும். தெரிஞ்சா குவியலுக்கு வாடகை கேப்பான். இத்தன வருஷம் யாருக்கும் தெரியாததாலதான் பொழைக்கிறோம்."

"அதானே" என்றார் இன்னொருவர். "இவங்க எழுதிட்டுப் போயிருவாங்க. மாட்டிக்கிறது நாம."

அது சரியான வாதம். இதற்கு மறுப்பு எந்தப் படிவத்திலும் அச்சிடப்படவில்லை. தெரியாமல் இருந்ததுதான் அவர்களைக் காத்தது. தெரியாமல் இருந்ததுதான் லாரியையும் அழைத்தது. இரண்டும் உண்மை. நான் தராசைத் துவாலையிலிருந்து எடுத்து, கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் வைத்தேன். முள் சுழியத்தில் நிற்கும்வரை காத்திருந்தேன்.

"யூனிவர்சிட்டியில் யார் எழுதினார்கள் என்று அக்கா நேற்றுக் கேட்டாங்க" என்றேன். "நான்தான். இந்தத் துணியெல்லாம் வேண்டுதல் என்று நினைத்து, உங்க யாரையும் கேட்காம, பயன் இல்லை என்று எழுதினேன். வாடகை கேட்க மாட்டாங்க என்று என்னால சொல்ல முடியாது. எடை இல்லையென்றால் லாரி வரும் என்று மட்டும் தெரியும்."

மஞ்சள் துணிக்காரர் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முந்தைய நாள் கூடுதலாக வைத்த கைப்பிடியை அவர் நினைத்திருக்கலாம், நான் நினைத்தேன்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"படிச்ச புள்ளைங்களுக்கு வாய் திறக்க ஒரு ராத்திரி ஆவுது" என்றார் சிவப்புத் துணிக்காரரைப் பார்த்து. பிறகு தன் கூடையைத் தூக்கி வந்து, காளான்களைத் துவாலையில் கொட்டி, நான்கு முனையையும் சேர்த்துக் கட்டி, தராசின் தட்டில் வைத்தார். "துவாலைக்குக் கழிச்சுக்கோங்க. அப்புறம் அதையும் தப்பா எழுதாதீங்க."

துவாலையைத் தனியே நிறுத்தேன். கழித்தேன். படிவத்தின் பின்புறம் கோடு போட்டு, மஞ்சள் என்று எழுதி, அதன் எதிரே எடையை எழுதினேன். அடுத்து பச்சை வந்தது. அதன்பின் நீலம். கிளம்பியவர்களில் இருவர் பாதி வழியிலிருந்து திரும்பி வந்தார்கள். சிவப்புத் துணிக்காரர் கடைசிவரை கூடையைத் திறக்கவில்லை. எல்லோரும் முடிந்தபின், தராசை நான் துடைக்கும்போது, தன் கூடையைத் தட்டின் மேல் வைத்தார்.

மஞ்சளுக்கு எதிரே நான் இன்னும் ஓர் இடம் விட்டிருந்தேன். "அக்கா, உங்க பேர் என்ன?" என்று கேட்டு அதில் எழுதினேன். பிறகு மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டேன்.