எப்பவும் போல

லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்கு ‘லெஃப்டு’ என்று பட்டப்பெயர் வைத்தவன் எவனோ, அவன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். மனிதர் இடதுகைக்காரர். ஸ்பானர் பிடிப்பது, பல் தேய்ப்பது, கோபம் வந்தால் மேஜையைத் தட்டுவது எல்லாம் அந்தக் கைதான். “லிஃப்டு நின்னுபோச்சா? லெஃப்டக் கூப்பிடு” என்று கட்டடத்துக் காவலாளிகள் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

அவர் மனைவி பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். மெழுகில் ஈறு செதுக்கி, அதில் பற்களை ஒவ்வொன்றாகப் பதிக்கும் வேலை. எல்லாப் பல்லையும் வரிசை பிசகாமல் வைத்தால் பொம்மைப் பல் போல இருக்கும் என்று, முன்பல் ஒன்றை மயிரிழை சாய்த்து வைப்பாள். அந்தச் சாய்வில்தான் அவள் கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஒரு தடவை செட் வாங்கிப் போனவர்கள் மறு தடவை வரும்போது “அந்தம்மா கையாலதான் வேணும்” என்று கேட்டு வாங்கிப் போவார்கள். அதைப் பற்றி வீட்டில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கே வேறு யாரோ சொல்லித்தான் தெரியும்.

அப்படி இருக்கும்போது கூடத்துப் பக்கம் போகும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போனாள். தினமும் தாமதம். கூடத்து முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் மெழுகு வேலை முடிந்தால்தான் அடுத்த மேஜைக்காரர் வார்ப்பு வேலையைத் தொடங்க முடியும். “மனசுல வச்சுக்காதீங்கம்மா, இப்படியே போச்சுன்னா வேற ஆளத்தான் பாக்கணும்” என்றார். அன்று வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல், “நான் சைக்கிள்ல போறேன்” என்றாள்.

“நீயா?”

“ஏன், சின்ன வயசுல ஓட்டினதுதானே. மறந்தா போகும்?”

லெஃப்டுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி அவரிடம் எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை. இப்போது கேட்டிருக்கிறாள், அதுவும் அவர் கை வைக்கக்கூடிய ஒரு பொருளை. விடுவாரா? பக்கத்துக் கட்டடத்து மருந்துக்கடைக்காரர் ஸ்கூட்டர் வாங்கியபின் மாடிப்படிக்கு அடியில் போட்டு வைத்திருந்த கியர் இல்லாத சைக்கிளை, மறுநாளே தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். “கியர் இருந்தா அது ஒரு தொல்ல. இது ஒத்தப் பல்லு, ஒத்தச் செயினு. மிதிச்சாப் போகும், அவ்வளவுதான்” என்று, கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, வேலையை ஆசையாகத்தான் செய்தார். அந்தச் சைக்கிளின் பின்சக்கரத்தில் இரண்டு பக்கமும் பல்சக்கரம் உண்டு. ஒரு பக்கம் கெட்டிப் பல். சக்கரம் சுற்றும்வரை பெடலும் கூடவே சுற்றும், காலை ஓய்வாக வைக்க முடியாது. மருந்துக்கடைக்காரர் இளவட்டமாக இருந்தபோது பந்தாவுக்காக அப்படி ஓட்டியிருக்கிறார். மறுபக்கம் ஃப்ரீவீல், காலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடும். சக்கரத்தைக் கழற்றித் திருப்பி, ஃப்ரீவீலைச் செயின் பக்கம் கொண்டுவந்தார். வழியில் ஒரு மேம்பாலம் இருக்கிறது, ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கக் கூடாது என்று அந்த ஃப்ரீவீலையும் கொஞ்சம் பெரிதாக மாற்றினார். செயினுக்கு இரண்டு கண்ணி சேர்த்தார். மெல்லிய டயர் மழையில் வழுக்கும் என்று அகலமான டயர் போட்டார். மட்கார்டு, கேரியர், விளக்கு, மணி. அவளைச் சுவரோரமாக நிற்கவைத்து இடுப்புக்கு நேராகச் சுவரில் கோடு கிழித்து, சீட்டை அந்த அளவுக்கு ஏற்றினார். “என்ன இது, பொண்ணு பாக்கற மாதிரி பாத்துக்கிட்டு” என்று அவள் சிரித்தாள்.

கடைசியில் பாக்கி இருந்தது பிரேக். ஒயர் இரண்டும் துருப்பிடித்திருந்தன, புதிது கோக்க வேண்டும். அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“பிரேக் எப்படி வைக்கட்டும்?” என்று வாசலிலிருந்தே கேட்டார்.

“எப்பவும் போல வைங்க” என்றாள்.

இங்கேதான் வந்தது வினை. அந்த வீட்டில் ‘எப்பவும் போல’ என்றால் என்ன அர்த்தம்? அலமாரிக் கதவு திறக்கும் பக்கம், சமையலறையில் இழுப்பறை இருக்கும் இடம், கத்தரிக்கோல், சாப்பாட்டு மேஜையில் முழங்கை இடிக்காமல் உட்காரும் ஒழுங்கு, எல்லாம் இடதுகைக்குத் தோதாக அவரே அமைத்தவை. புதிதாக வந்தவர்கள் அந்தச் சமையலறையில் ஒரு டம்ளரைத் தேடி எடுப்பதற்குள் திணறிப்போவார்கள். அவள் திணறி யாரும் பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்த சில நாளிலேயே எல்லாம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது என்று அவர் பெருமையாகச் சொல்வார்.

ஊரில் எல்லாச் சைக்கிளிலும் முன்சக்கரப் பிரேக் வலதுகையில் இருக்கும். லெஃப்டு தன் சைக்கிள்களில் அதை இடதுகைக்கு மாற்றிவிடுவார். முன் பிரேக்தான் பலமான பிரேக், அது பலமான கையில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆயுளுக்கும் கோத்துப் பழகிய கை. ‘எப்பவும் போல’ என்று காதில் விழுந்ததும் எப்பவும் போலவே கோத்துவிட்டது. அவளுடைய பலமான கை வேறு கை என்பது அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றவே இல்லை.

அவள் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கணம் தடுமாறிக் காலை ஊன்றினாள்.

“எப்படி இருக்கு?”

பிரேக் லிவரைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

மழைக்காலம் வரும்வரை அந்தச் சைக்கிள் அவளுக்குச் சிறகு முளைத்த மாதிரிதான். கூடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்க் கதவு திறக்கக் காத்திருப்பாள். சாயங்காலம் கன்னம் சிவந்து, மூச்சு வாங்க, ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வருவாள். இத்தனை வருஷத்தில் அவள் பாடிக் கேட்டதே இல்லையே என்று லெஃப்டுக்கு ஆச்சரியம். தன் கைவண்ணம் என்று மார்தட்டிக்கொண்டார்.

ஒரு காலை, தூறலில், மேம்பாலத்து இறக்கத்தில் ஒரு வேன் சந்திலிருந்து குறுக்கே வந்தது.

அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவள் வலது மணிக்கட்டை மாவுக்கட்டில் வைத்திருந்தார்கள். “மழை, வழுக்கிடுச்சு” என்றாள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அவரும் நம்பினார். சைக்கிளை எடுத்துவரப் பாலத்தடிக்குப் போனபோதுதான், அங்கே கண்ணாடி விற்பவர் சொன்னார்: “முன்சக்கரம் அப்படியே நின்னுபோச்சு சார். அம்மா ஹேண்டிலுக்கு மேல போய் விழுந்தாங்க.”

லெஃப்டு இடது லிவரை அழுத்தினார். முன்சக்கரத்தை பிரேக் கட்டைகள் கவ்வின. பதறினபோது பின் பிரேக் என்று நம்பி அவள் கை இதைத்தான் அழுத்தியிருக்கிறது, பிடித்தது முன்சக்கரம் என்று அவருக்கு அப்போது புரிந்துவிட்டது. சைக்கிளை ஏறி ஓட்டவில்லை. வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தார்.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது என்றார் டாக்டர். கூடியது எலும்புதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழையபடி வரவில்லை. மெழுகுக் கத்தியைப் பிடித்தால் நடுங்கியது. முதலாளி நல்ல மனுஷன், வேலையை விட்டு அனுப்பவில்லை. செட்டுகளைப் பெட்டியில் வைத்து ஒட்டி அனுப்பும் மேஜைக்கு மாற்றினார். யாரோ பதித்த பற்கள். எல்லாம் நேர்வரிசை. “பொம்மைப் பல்லுங்க” என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். லெஃப்டுக்குச் சோறு இறங்கவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பார். அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். நாற்பது மாடி லிஃப்டின் கம்பிவடத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை சோதிக்கிற மனிதர். சொந்தப் பெண்டாட்டியிடம், உனக்கு எந்தக் கை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நினைக்க நினைக்க ஆறவில்லை.

ஒரு விடுமுறை நாளில் சைக்கிளை வாசலுக்கு இழுத்துப் போட்டு, பிரேக் ஒயர் இரண்டையும் உருவினார். அவள் வந்து நிலைப்படியில் நின்றாள்.

“ஏன் மாத்தறீங்க?”

“மாறிப்போயிருந்துச்சு.” நிமிரவில்லை. “நான்தான் மாத்தி வச்சேன். நீ எப்பவும் போலன்னு சொன்னே. நான் என் கைக்கு வச்சிட்டேன். மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் கை போனது என்னாலதான்.”

“தெரியும்.”

ஸ்பானர் கையிலேயே நின்றது. “எப்பத் தெரியும்?”

“மொத நாளே. கேட்டுப் பக்கத்துல கால ஊனினப்பவே.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே. ரெண்டு நிமிஷ வேல.”

“நீங்க அவ்வளவு ஆசையா பாத்துக்கிட்டு நின்னீங்க.” அவள் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அதோட, இந்த வீட்டுல எல்லாம் உங்க கைக்குத்தானே இருக்கு. இதையும் பழகிக்கலாம்னு நெனச்சேன். பழகியும் போச்சு. அன்னிக்கு வேன் வந்தப்பத்தான் கைக்கு மறந்துபோச்சு.”

அவளுக்கு எல்லாம் அத்துப்படி என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறார். அழுதுவிடுவோமோ என்று பயந்து, ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டார்.

“வேற எதையெல்லாம் இப்படிப் பழகிக்கிட்டே?”

அவள் நிலைப்படியில் உட்கார்ந்து, வராத விரல்களை மறுகையால் நீவிவிட்டுக்கொண்டாள்.

“எதுலேருந்து ஆரம்பிக்கட்டும்?” என்றாள்.

குத்திக்காட்டுகிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தார். இல்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று அவள் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள்.