கண்ணாடியில் தெரிந்த சாம்பல் நிறக் கார்

வசந்தி அக்கா இறந்துவிட்டார்... முந்தாநாள் மாலை, வீட்டு வெளிப்படியில் விழுந்துவிட்டாராம்.

யாரோ கொமென்ட்டில் கார் அக்சிடென்ட் என்று எழுதியிருந்தார்கள். இல்லை. அவருக்கு இன்னும் லைசென்ஸே கிடைக்கவில்லை. வருகிற செவ்வாய்தான் ரோட் டெஸ்ட்.

படியில் ஐஸ் வழுக்கியது என்கிறார்கள். நானும் அதே தெருதான். இந்த வாரம் எங்கள் தெருவில் ஐஸ் இல்லை.

நான் இங்கே எழுதுகிறவள் இல்லை. லைக் போடுவதோடு சரி. ஆனால் கோடையிலிருந்து அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

நாங்கள் இருவரும் ஒரே மாஸ்டரிடம் கார் ஓடப் பழகினோம். இருவரும் மொன்ட்ரியால்-நோர் பகுதி என்பதால் மாஸ்டர் ஒன்றாகவே ஏற்றுவார். ஒருவர் ஓட, மற்றவர் பின் சீட்டில். பிறகு இடம் மாறுவோம்.

முதல் நாள் பச்சை விழுந்த பிறகும் நான் அப்படியே நின்றேன். பின்னால் ஒரே ஹோர்ன்.

“பிள்ளை, உந்தச் சைக்கிள்காரனும் முந்திப் போட்டான். நாளைக்கோ எடுக்கப் போறாய்?” என்றார் மாஸ்டர்.

பின் சீட்டிலிருந்து அக்காவின் குரல். “சும்மா இருங்கோ மாஸ்டர். நீ ஆறுதலா எடு அம்மா. ஹோர்ன் அடிக்கிறவன் அடிக்கட்டும், அவனுக்குக் கை சும்மா கிடக்கு.”

சிரிப்பு வந்தது. கார் நகர்ந்தது.

அக்கா ஓடும்போது வேறு மாதிரி. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பார். இரண்டு கார்களுக்கு நடுவே பார்க் பண்ணச் சொன்னால் வியர்த்துவிடும். ஆனால் கண்ணாடி மட்டும் பார்ப்பார்... பார்த்துக்கொண்டே இருப்பார்.

மாஸ்டருக்கு அதில் பெரிய சந்தோஷம். “பாத்தியோ பிள்ளை, கண்ணாடி பாக்கிறதெண்டா இப்பிடிப் பாக்கவேணும். நீயும் இருக்கிறாய், முன்னால போற காரைத் தவிர ஒண்டும் தெரியாது.”

பிறகு அவரையும் விடமாட்டார். “அப்பிடி என்ன தங்கச்சி தெரியுது? பவுடர் சரியோ எண்டு பாக்கிறியளோ?”

அக்கா சிரிக்கவில்லை. “மாஸ்டர், இண்டைக்கு வேற ரோட்டால போவமோ?” என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்குத்தான் நான் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சாம்பல் நிறக் கார் ஒன்று. நாங்கள் வேறு தெருவுக்குத் திரும்பினோம். அதுவும் திரும்பியது.

அடுத்த வகுப்பிலும் வந்தது. அதற்கடுத்த வகுப்பிலும்.

ஒருநாள் மாஸ்டர் தெருமுனை டெப்பனர் கடையில் கோப்பி வாங்க இறங்கினார். எதிர்ப்பக்கம் அந்தக் கார் நின்றது. நான் கேட்கவில்லை. எனக்கு எதையும் கேட்க வராது. அக்காவே சொன்னார்.

“அது இவர்தான்.”

இவர் என்றால் அவருடைய கணவர்.

“பழக வேண்டாம் எண்டு சொல்லேல்லை. பழகு, எங்க போறாய் எண்டு பாப்பம் எண்டு சொன்னவர்.”

அக்கா கண்ணாடியைப் பார்த்தபடியே கதைத்தார்.

“லவாலில ஒரு வேலை இருக்கு. வயசான ஆக்களை வீடு வீடாப் போய்ப் பாக்கிறது. லைசென்ஸ் இருந்தா உடன எடுப்பினம். பேந்து அங்கயே ஒரு அறை எடுத்திடுவன்.”

“அவருக்குத் தெரியுமோ அக்கா?”

“தெரியாது எண்டுதான் நினைக்கிறன்.” பிறகு கொஞ்சம் சிரித்தார். “களவாப் போகமாட்டன். சிக்னல் போட்டு, கண்ணாடி பாத்து, முறையாத்தான் போவன்.”

அதுதான் அவர் என்னோடு அதிகம் கதைத்த நாள்.

நேற்றுக் காலை செய்தி வந்தது. மத்தியானம் எனக்கு வகுப்பு. “விடுவமோ பிள்ளை?” என்று மாஸ்டர் கேட்டார். ஓடுவம் என்றேன். வீட்டில் இருக்க முடியவில்லை.

பின் சீட்டில் யாரும் இல்லை.

இரண்டு தெரு தாண்டி, மாஸ்டர் சொல்லாமலே கண்ணாடியைப் பார்த்தேன்.

சாம்பல் நிறக் கார்.

செத்த வீட்டில் இருக்கவேண்டிய மனிதர்.

சிக்னல் போட்டு வலப்பக்கம் திரும்பினேன். அதுவும் திரும்பியது. இடப்பக்கம். அதுவும்.

“மாஸ்டர், பொலிஸ் ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கத்தால போறது?”

“என்னத்துக்கு?”

“பின்னால பாருங்கோ.”

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அந்தக் காரையும் தெரியும், ஆளையும் தெரியும். பவுடர் பகிடி அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் மாறிவிட்டது. “நேர போ. ரெண்டாவது லைட்டில இடது. விட்டிடாதை பிள்ளை, போ.”

போனேன். சிவப்பில் நின்றேன். பச்சை விழுந்ததும் எடுத்தேன். யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினேன். ஒரு சில்லு நடைபாதையில் ஏறிவிட்டது. சாம்பல் நிறக் கார் எங்களைத் தாண்டி மெதுவாகப் போனது... மிக மெதுவாக.

வகுப்பில் எழுந்து பிரெஞ்சில் பதில் சொல்லப் பயந்துதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். நேற்று எல்லாவற்றையும் பிரெஞ்சில்தான் சொன்னேன். திக்கித் திக்கிச் சொன்னேன். நம்பர் பிளேட் கேட்டபோது மட்டும் திக்கவில்லை.

மற்றதை வெளியில் எழுதவேண்டாம் என்று பொலிஸில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இவ்வளவுதான்.

இன்று காலை முதல் எங்கள் வீட்டு ஜன்னல் திரையை நான் திறக்கவில்லை.

அக்கா, செவ்வாய்க்கிழமை டெஸ்டுக்கு என்ன உடுப்புப் போடுவது என்று போன வாரம் கேட்டீர்கள். நீலச் சட்டை என்று சொல்ல நினைத்தேன்... வெட்கத்தில் சொல்லவில்லை. நீலம்தான் அக்கா, உங்களுக்கு வடிவு.

போயிட்டு வாங்கோ. இனிப் பின்னால் பார்க்க வேண்டாம்.