மத்தியானத்தில் சாத்திய கதவு

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் முதலில் கிரைண்டர் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். எண்பதுகளின் கடைசி. என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் வேலை. ஆட்டுக்கல்லில் ஆட்டி எனக்குக் கை வலிக்கிறது என்று வாங்கிப் போட்டார். அது வந்த பிறகு கைவலி அதிகமாகிவிட்டது.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் வரிசை வீட்டுக்காரர்கள் ஊறவைத்த அரிசியோடு வந்துவிடுவார்கள். பகலில் அங்கே யாரும் கதவைச் சாத்துவதில்லை. உள்ளே வந்து பாத்திரத்தை வைத்து, "கொஞ்சம் போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஒருத்தர் வீட்டு மாவு இன்னொருத்தர் மாவில் ஒட்டக்கூடாது. அதனால் ஒவ்வொரு தடவையும் குழவிக்கல்லைத் தூக்கிக் கழுவ வேண்டும். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. தலையை ஆட்டிவிடுவேன்.

அப்புறம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, கனமாக எதையும் தூக்கக்கூடாது, மத்தியானம் கட்டாயம் படுக்க வேண்டும், உள்தையல் பிரிந்தால் மறுபடி அறுக்க வேண்டியிருக்கும் என்றார். கர்ப்பப்பை என்பதையெல்லாம் அக்கம்பக்கத்தில் வாய்விட்டு எப்படிச் சொல்வது? வயிற்றில் கட்டி என்று மட்டும் சொல்லி வைத்தேன். கட்டியைத்தான் எடுத்தாயிற்றே என்று, கொஞ்ச நாளிலேயே பாத்திரங்கள் திரும்ப வந்துவிட்டன. அப்போதும் தலையை ஆட்டினேன். கல்லைத் தூக்கியபோது அடிவயிற்றில் சுருக்கென்று இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் எதிர்வீட்டுக்காரி வந்தாள். பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவள்.

"யக்கா, கொஞ்சந்தான் கீது. போட்டு உடு."

"இன்னிக்கு முடியாதும்மா."

"ஒடம்புக்கு இன்னா? நீ படுத்துக்க யக்கா. நானே அரைச்சிக்கறேன். உன்ன எய்ப்பவே மாட்டேன்."

இருந்தது ஒரே அறை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிரைண்டர் கடகடவென்று ஓடியது. அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் குரல்.

"உப்பு எங்க யக்கா வெச்சிகிற? நீ தூங்கு, தூங்கு. கை தொடைக்க துணி கீதா?"

கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் சத்தம் நின்றது.

"யக்கா, கல்லு வரமாட்டேங்குது. ஒரு கை புடியேன்."

எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்குக் கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கம்மா. தூக்கினா தையல் பிரிஞ்சிடும். இனிமே மத்தியானத்துல யாரும் வர வேணாம். காலையில வாங்க. நீங்களே தூக்கி நீங்களே கழுவிக்குங்க."

அவள் மாவுக் கையோடு என்னைப் பார்த்தாள்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நான் இன்னா ஆம்பளயா?"

முனகிக்கொண்டே கல்லைத் தனியாகத் தூக்கி வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டொருத்தர் காலையில் வந்து அரைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் மாவரைக்கும் மிஷினுக்குப் போனார்கள். கிரைண்டர் வந்ததும் கொம்பு முளைத்துவிட்டது என்று குழாயடியில் யாரோ சொன்னதை, எனக்குப் பதிலாகத் தண்ணீர் பிடிக்கப் போன அவர் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார்.

அதிலிருந்து மத்தியானம் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. காது வாசலிலேயே இருந்தது. வெளியே வளையல் சத்தம் கேட்டால், திறக்கலாமா என்று கால் தானாகக் கீழே இறங்கும். மறுபடி தூக்கி மேலே வைத்துக்கொள்வேன். ஓய்வெடுப்பது அரைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிறகு ஒரு நாள், ஷிப்ட் முடிந்து ஃபேக்டரி சங்கு ஊதியது எனக்குக் கேட்கவே இல்லை. அவர் வெகு நேரம் தட்டியிருக்கிறார். திறந்தபோது முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"டீ போடலயா?"

"இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கறேன்" என்றேன்.

பழக்கமில்லாத கையால் அவர் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு மறுபடி கண் சொருகியது.