ஒருத்தி மூச்சு வாங்கும்போது

ஸ்டெல்லாமேரி ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பாடுவாள். மற்ற நாட்களில் வாஷிங் மெஷினுக்கு ஒயர் கட்டுவாள். நாற்பதைத் தாண்டியவள், உப்பளம் பகுதியில் கம்பெனி வேன் ஏறி சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் இறங்குகிறவள். பாட்டுக்கும் ஒயருக்கும் சம்பந்தம் உண்டு என்று அவள் நினைத்ததே இல்லை, பாக்கியலட்சுமி அழுத நாள்வரை.

அந்தத் தொழிற்சாலையில் பெல்ட் நகர்ந்துகொண்டே இருக்கும். அதன்மேல் ஒயர் கற்றைகள் வரும். வரிசையாக நிற்கும் பெண்கள் ஆளுக்கோர் இடத்தில் கற்றையைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டி, கையிலிருக்கும் ‘கன்’ என்ற கருவியால் இறுக்கி வெட்ட வேண்டும். வெட்டும்போது ‘டக்’ என்று சத்தம் வரும். ஒரு கட்டு விட்டுப்போனாலும் கடைசியில் உள்ள சென்சார் பெல்ட்டை நிறுத்திவிடும்; சங்கு அலறும். அதற்குக் காரணமானவளின் பெயர் சூப்பர்வைசர் வெற்றிவேலின் வாயில் அன்று முழுக்க அடிபடும்.

கழிவறைக்குப் போக லைனுக்கு ஒரே ஒரு மஞ்சள் டோக்கன். அது பெரும்பாலும் வெற்றிவேலின் சட்டைப்பையிலேயே குடியிருந்தது. கேட்டால், “லைன் நின்னா யாரு பதில் சொல்றது?” என்பான். அதனால் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. எரிச்சல், காய்ச்சல், மாத்திரை எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு. சிறுநீரகத்துக்கு ஷிப்ட் தெரியாது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறியவர்கள்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். இதற்கு ‘டிசிப்ளின்’ என்று பெயரும் வைத்தார்கள்.

பாக்கியலட்சுமி அரியாங்குப்பத்துப் பெண். லைனில் ஸ்டெல்லாமேரிக்கு வலப்பக்கம் நிற்பவள். கர்ப்பமாக இருந்தாள். அதை ஸ்டெல்லாமேரியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கான்ட்ராக்ட் பெண்களுக்கு வயிறு தெரிந்தால் “ரெஸ்ட் எடும்மா” என்று அன்பாக அனுப்பிவிடுவார்கள். அடுத்த மாதம் கேட்டில் இருக்கும் பட்டியலில் பெயர் இருக்காது. பேறுகால விடுப்பைச் சம்பளத்தோடு தரச் சொல்லும் சட்டம் அதே கேட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

“தண்ணி குடிக்கலன்னா புள்ளைக்கு ஆகாதுன்றாங்க டாக்டர். குடிச்சா வேலைக்கு ஆகாது. இன்னாக்கா பண்றது?” என்று கேட்டு அழுதாள்.

“குடிடி. வந்தா போ. உன்னுதையும் நான் கட்றேன்” என்றாள் ஸ்டெல்லாமேரி.

மறுநாள் பாக்கியலட்சுமி நழுவினாள். ஸ்டெல்லாமேரி அவள் இடத்துக்குக் கை நீட்டினாள். பாக்கியலட்சுமிக்கு அந்தப் பக்கம் நிற்கும் நிர்மலாவும் நீட்டினாள். நான்கு கைகளும் ஒரே ஒயரில் மோதின. அதற்குள் இருவரின் சொந்தக் கட்டுகளும் விட்டுப்போய்விட்டன. சங்கு அலறியது. ஈரக்கையோடு ஓடிவந்த பாக்கியலட்சுமியை எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்து வெற்றிவேல் கேட்டான்: “அடுத்த மாசம் உனக்கு வேலை வேணுமா, வேணாமா?”

திரும்பும் வேனில் நிர்மலாதான் முதலில் வாயைத் திறந்தாள். “உதவி பண்றேன்னு வந்து ரெண்டு பேரும் அவள மாட்டி வுட்டுட்டோம்க்கா.”

“ஈஸ்டருக்கும் இதேதான் ஆச்சு” என்றாள் ஸ்டெல்லாமேரி.

கோயில் பாட்டில் நீளமான ஓர் இழுப்பு உண்டு. ஒருவர் மூச்சில் அது முடியாது. ஆனாலும் கேட்பவருக்கு அறுபடக் கூடாது. அந்த ஈஸ்டரில் ஒவ்வொருத்தியும் பக்கத்துக்காரி தாங்குவாள் என்று நம்பி ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினார்கள். பாட்டு நடுவழியில் செத்தது. பாட்டு நடத்தும் தனிஸ்லாஸ், “நடுவுல யாரோ இருமினது மட்டும் நல்லா கேட்டுச்சு” என்றாராம். அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். வலப்பக்கத்துக் குரலை மட்டும் கேட்க வேண்டும். அது மெலிந்தால் நீ தாங்கு. அது திரும்பி வந்த பிறகு நீ மூச்சு வாங்கு.

“நாங்க கோயில்ல பாட்றவங்களா?” என்றாள் நிர்மலா.

“டக்-னு ஒரு சத்தம். அது உனக்குக் கேக்குமா?”

“கேக்கும்.”

“அது போதும்டி.”

வேன் உப்பளம் சேர்வதற்குள் முறை வகுத்தாகிவிட்டது. வலப்பக்கத்து ‘டக்’ நின்றால் அவள் கட்டை நீ கட்டு. வேறு யாரும் தொடாதீர்கள். உனக்குக் கை நிறைந்துவிட்டால் உன் இடப்பக்கத்துக்காரி உன்னுடையதில் பாதியைக் கட்டுவாள். போனவளின் சுமை ஒருத்தி தலையில் விழாமல் வரிசை முழுக்க மெலிந்து பரவும். பார்வை, சைகை எதுவும் வேண்டாம். காது மட்டும் போதும்.

இதய தசையின் செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்தால் ஒவ்வொன்றும் தன் போக்கில் துடிக்கும். வளர்ந்து ஒன்றையொன்று தொட்டதும் சேர்ந்து துடிக்கத் தொடங்கும். தாளம் போட அங்கே மேஸ்திரி கிடையாது. கடலில் ஆயிரம் மத்தி மீன்கள் ஒரே வீச்சில் திரும்புகின்றன. ஒவ்வொன்றும் கவனிப்பது அருகில் நீந்துவதை மட்டுமே. இதில் அற்புதமும் இல்லை, தெய்வச் செயலும் இல்லை. உயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இப்படித்தான் சேர்ந்து வேலை செய்கின்றன. நாலு பேர் சேர்ந்து உழைக்க ஒரு சாட்டை வேண்டும் என்பது சாட்டை வைத்திருப்பவன் கட்டிய கதை.

அடுத்த வாரம் பாக்கியலட்சுமி தண்ணீர் குடித்தாள். ஓடிப்போய் ஓடி வந்தாள். சங்கு அலறவில்லை. பிறகு நிர்மலா போனாள். பிறகு எல்லோரும்.

டோக்கன் தன் பையிலேயே இருக்க, ஆட்கள் போய்வருவதை வெற்றிவேல் ஒருநாள் கவனித்துவிட்டான். லைனின் முன்னால் வந்து நின்றான். “இதை யாரு ஆரம்பிச்சது?”

வரிசைக் கடைசியில் நின்ற அமுதவல்லி நிமிராமலே சொன்னாள். “எதை சார்? ஒண்ணுக்குப் போறதையா? அது ரொம்ப காலமா நடக்குது சார்.”

லைன் முழுக்கச் சிரித்தது. அதிகம் சிரித்தவள் ஸ்டெல்லாமேரி. அன்றே அவளை எதிர்ச் சுவரோரம் இருந்த மூன்றாவது லைனுக்கு மாற்றினான் வெற்றிவேல். தலையை எடுத்துவிட்டால் உடல் விழுந்துவிடும் என்பது அவன் கணக்கு.

மறுநாள் புது இடத்தில் நின்றுகொண்டு ஸ்டெல்லாமேரி பழைய லைனுக்கே காதைக் கொடுத்திருந்தாள். தன் இடத்தில் நிற்பவள் புதியவள். அவளுக்கு என்ன தெரியும் என்று பயம். பாக்கியலட்சுமி நழுவுவது தெரிந்தது. ஸ்டெல்லாமேரி தன் கட்டு ஒன்றைத் தவறவிடப் பார்த்தாள். சங்கு அலறவே இல்லை. காலை வேனிலேயே புதியவளிடம் நிர்மலா சொல்லிக் கொடுத்திருந்தாள்.

“நான் இல்லாமலும் நடக்குதேன்னு கொஞ்சம் கோவமாக்கூட இருந்துச்சு” என்று இதைச் சொல்லிச் சிரிப்பாள் ஸ்டெல்லாமேரி. கோபம் தணிவதற்குள் மூன்றாவது லைன் பெண்களும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அங்கிருந்து அது இரண்டாவது லைனுக்குத் தொற்றியது.

கடைசியில் வெற்றிவேல் கழிவறை வாசலிலேயே போய் நின்றுகொண்டான். வந்த பாக்கியலட்சுமியின் வழியில் கையை நீட்டினான்.

“டோக்கன் இல்லாம உள்ள போவக் கூடாது. வயித்துல இருக்கிறது தெரியாதுன்னு நெனச்சியா? இந்த மாசத்தோட சரி. வூட்டுக்குப் போய்ப் பெத்துக்கோ.”

அவன் போட்ட சத்தம் லைன்கள்வரை கேட்டது. முதல் லைனில் நிர்மலாவின் ‘டக்’ நின்றது. பக்கத்துக்காரி அவள் கட்டை எடுக்கவில்லை, அவளுடையதும் நின்றது. அதற்கடுத்தது நின்றது. யாரும் சைகை காட்டவில்லை. வலப்பக்கம் அடங்கியதைக் கேட்டு ஒவ்வொருத்தியும் கன்னைக் கீழே வைத்தாள். முதல் லைன் அடங்கியது கேட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது. சங்கு அலறியது. யாரோ அதையும் நிறுத்தினார்கள். அந்தக் கூரையின் கீழ் அப்படியோர் அமைதியை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை.

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் வெளியே வந்தார். “யாரும்மா உங்க லீடர்? அவங்க மட்டும் ஆபீசுக்கு வாங்க, பேசலாம்.”

யாரும் நகரவில்லை. நின்ற இடத்திலிருந்தே நிர்மலா பேசினாள். “இங்கேயே பேசலாம் சார். அந்த டோக்கன் இனிமே வேணாம். ஆறு வாரமா அது இல்லாமத்தான்...”

அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். அடுத்தவள் எடுத்தாள். “அது இல்லாமத்தான் போய்ட்டு வர்றோம். எங்களால பெல்ட் ஒரு தடவையாவது நின்னுச்சான்னு மெஷினக் கேளுங்க சார்.”

“பாக்கியலட்சுமி தன்னால முடியுற வரைக்கும் வேலை செய்யும்” என்றாள் அமுதவல்லி. “அப்புறம் லீவு. சம்பளத்தோட.”

“லீவு முடிஞ்சா அதே இடத்துக்குத் திரும்பி வரும்” என்று மூன்றாவது லைனிலிருந்து வந்தது ஸ்டெல்லாமேரியின் குரல். “கேட்டுல நீங்க மாட்டி வெச்சிருக்கீங்களே சார், அதேதான்.”

மேனேஜர் நின்றுபோன பெல்ட்டைப் பார்த்தார். வெளியே பாதி நிரம்பி நின்ற லாரியைப் பார்த்தார். இந்தக் கூட்டத்தில் யாரை வேலையை விட்டு அனுப்பினால் கன்கள் மறுபடி ஓடும் என்று யோசித்திருப்பார். அப்படி ஒருத்தியும் அங்கே இல்லை. பிறகு வெற்றிவேலிடம் கையை நீட்டினார். மஞ்சள் டோக்கன் கைமாறியது. பாக்கியலட்சுமியின் விடுப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் பெண்கள் கன்களை எடுத்தார்கள்.

‘டக்’ சத்தம் மறுபடி கூரையை நிறைத்தது. பாக்கியலட்சுமி கழிவறையை நோக்கி நடந்தாள். அதுவரை எப்போதும் ஓடியே பழகியவள், அன்று ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, வயிறு முன்னே போக, மூன்று லைன்களையும் கடந்து மெதுவாக நடந்தாள்.