எந்தக் கலரிலும் இல்லாத அண்ணன்

இன்னிக்கு மெட்ரோவுல எதிர் ஃப்ளாட் மாமா பக்கத்துல உட்கார்ந்து போனை நீட்டினார். கொரோனா சாவு விகித மேப். டெல்லி அடர் சிவப்பு, ஒட்டியிருக்கிற யுபி இளமஞ்சள்.

"பாத்தியாம்மா? அவாளுக்கு இம்யூனிட்டி ஜாஸ்தி. உழைக்கிற உடம்பு."

"மாமா, நம்ம மயூர் விஹார்லேர்ந்து மூணாவது ஸ்டேஷன் நொய்டா, அங்கேயே யுபி வந்துடறது. அதுக்குள்ள உடம்பு மாறிடுமா?"

"நான் சொல்லலைம்மா, டேட்டா சொல்றது!"

தலையில அடிச்சுக்கலாம் போல இருந்தது.

எங்க அண்ணனுக்குக் கொரோனா வந்தப்போ டெல்லியில பெட் கிடைக்காம நொய்டாவுக்குத்தான் தூக்கிட்டு ஓடினோம். ரெண்டாம் நாளே மூச்சுத் திணறிப் போயிட்டான். சர்டிஃபிகேட்ல 'மாரடைப்பு'ன்னு எழுதிக் கொடுத்தாங்க. ஆக, அவன் டெல்லி கணக்குலயும் இல்ல, யுபி கணக்குலயும் இல்ல.

"எங்க அண்ணன் இதுல எந்தக் கலர் மாமா?"

"அவனுக்கு ஹார்ட்டுன்னுதானேம்மா போட்டிருந்தது?"

அன்னிக்கு அவனுக்காக ஆக்ஸிஜன் சிலிண்டர் தேடி, வெயில்ல என்கூட நாலு மணி நேரம் வரிசையில நின்னது இதே மாமாதான்.

உங்க வீட்டு ஆட்கள் எந்தக் கலர்ல இருக்காங்க? மேப் வேணும்னா சொல்லுங்க, மாமா ஃபார்வர்ட் பண்ணுவார்.