திரை போட்ட கார்

அறுபதுகளின் தொடக்கத்தில் கிண்ணியாவில் வாடகைக் கார் ஓட்டியவர்களுக்குள் லாபிருக்குத்தான் நல்ல பெயர். பெண்களிடத்தில் இன்னும் நல்ல பெயர். அந்தப் பெயர்தான் அவரைக் கெடுத்தது.

சட்டம் தெரியாத ஆளில்லை அவர். லைசன் எடுக்கப் போன அன்று பரிசோதகர் சோமசேகரம், திருகோணமலை ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் காரை நிறுத்தச் சொல்லி ஹேண்ட் பிரேக்கை இழுக்க வைத்தார். பிறகு கேட்டார்: "பாதையில கார் ஏத்தினால் என்ன செய்வீர்?"

கிண்ணியாத் துறையில் வாகனங்களை அக்கரை சேர்க்கும் பெரிய மிதவையைத்தான் பாதை என்பார்கள்.

"ஆக்கள் எல்லாரையும் எறக்கிப்போட்டுத்தான் ஏத்துவன் ஐயா. கியர்ல விட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சில்லு உருளாமக் கட்டை வைப்பன். நான் சீட்டை விட்டு எறங்கமாட்டன்."

ஒரு சொல் பிழையில்லை. சோமசேகரம் தலையாட்டினார், லைசன் கிடைத்தது.

ஆனால் துறையில் வேறு சட்டம் நடந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள், மீன் ஏற்றுபவர்கள், சும்மா நின்று வாய் பார்ப்பவர்கள் என்று எந்த நேரமும் ஆண்கள் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இறங்கி நிற்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? லாபிர் காரின் பின் சீட்டைச் சுற்றித் திரை கட்டினார். "லாபிர்ர கார்ல போனா துறையில எறங்கத் தேவல்ல" என்ற கதை வீட்டுக்கு வீடு பரவியது. கல்யாணமென்றாலும் ஆஸ்பத்திரியென்றாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

அதோடு விட்டாரா? பாதை நகர்ந்ததும் தானும் காரைவிட்டு இறங்கி ஓரமாகப் போய் நிற்பார். அந்நிய ஆண் முன்னால் இருந்தால் பெண்கள் திரையை விலக்கிக் காற்று வாங்க முடியுமா? மரியாதை என்று நினைத்து அவர் செய்த இந்தக் காரியத்தை ஊர் மெச்சியது. பாதைக்காரர்களும் கண்டுகொள்ளவில்லை. இறங்க வேண்டியவர்கள் உள்ளே இருந்தார்கள், உள்ளே இருக்க வேண்டியவர் வெளியே நின்றார்.

கிண்ணியா சமதரை. ஹேண்ட் பிரேக்குக்கு அங்கே வேலையில்லை. அது தளர்ந்துபோனது லாபிருக்குத் தெரியும். பார்ப்போம், பார்ப்போம் என்று தள்ளிப்போட்டார்.

அந்த மார்கழியில் மகாவலி வெள்ளம் குடாவுக்குள் இறங்கியிருந்தது. வாடைக்காற்று வேறு. அஸீம் என்ற இளைஞனின் மனைவி ஸுல்பிகாவுக்கு நிறைமாதம், நாளுக்கு முன்னமே வலி கண்டுவிட்டது. திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தாய் சுபைதாவும் அவளோடு லாபிரின் காரில் ஏறினாள். துறையில் பாதை மிரண்ட குதிரை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அஸீம் பாதைக்காரர்களை அவசரப்படுத்த முன்னால் ஓடினான்.

ஸுல்பிகா திரையை விலக்கி, லாபிரை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டாள். "காக்கா, நான் எறங்கிக்கிறன். எனக்குப் பயமாக் கிடக்கு."

"இரி புள்ள, ஆம்புளையள் நிக்காங்க" என்றாள் சுபைதா.

லாபிர் சிரித்தார். "நான் இண்டைக்கு வரைக்கும் ஒரு பொம்புளையையும் எறக்கினதில்ல தங்கச்சி. பயப்படாம இரிங்க."

அவள் திரையை விட்டாள். லாபிர் காரை ஏற்றி, கட்டை வைத்து, வழக்கம்போல இறங்கி ஓரமாகப் போனார்.

நடுத் தண்ணீரில் ஒன்றும் நடக்கவில்லை. அக்கரை வந்துவிட்டது, ஆபத்து கழிந்தது என்று எல்லோரும் மூச்சு விட்ட நேரத்தில் நீரோட்டம் பாதையைப் பக்கவாட்டில் தள்ளி இறங்குதுறையோடு மோத வைத்தது. கட்டை வழுக்கியது, தளர்ந்த ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. கார் முன்னால் உருண்டது. லாபிர் பாய்ந்து கதவைப் பிடித்தார், கை வழுக்கியது. பாதையின் விளிம்பில் கட்டியிருந்த சங்கிலியை அறுத்துக்கொண்டு கார் தண்ணீருக்குள் போனது.

குதித்தவர்கள் சுபைதாவை உயிரோடு இழுத்தெடுத்தார்கள். ஸுல்பிகாவை எடுக்க நேரம் சென்றது. திரை அவளைச் சுற்றிக்கொண்டிருந்தது.

மரண விசாரணையில் அஸீம் அழுதுகொண்டே, இது அல்லாஹ்வின் நாட்டம், லாபிர் காக்காவில் குறை சொல்ல ஏலாது என்றான். ஊரார் வரிசையாக வந்து லாபிரின் நல்ல குணத்தைச் சொன்னார்கள். கடைசியில் விசாரணை அதிகாரி சுபைதாவைக் கேட்டார்: "உங்கட மகள் இறங்கவேணும் எண்டு கேட்டவவா?"

கேட்டாள் என்று சொல்லிவிடட்டும், சொல்லித் தொலைக்கட்டும் என்று லாபிரின் மனம் கிடந்து தவித்தது.

"இல்ல ஐயா" என்றாள் சுபைதா. "ஒண்டும் கேக்கல்ல."

வெளியே வாசலில் லாபிர் அவள் முன்னால் போய் நின்றார். "மாமி, ஏன் அப்பிடிச் சொன்னீங்க? என்னைக் காப்பாத்தவா?"

சுபைதா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களையா? இரி எண்டு முதல்ல சொன்னது நான்."