பெடலில் காய்ந்த மஞ்சள்

என் கையெழுத்து மோசம். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும், வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவும் எனக்கு வராது. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் ஒரு முதலாளியிடம் இருபது வருடத்துக்கு மேல் டிரைவராக இருந்தேன். ஓட்டியதெல்லாம் கிளச் உள்ள வேன். இரண்டு வருடங்களுக்கு முன் அவர் ஜப்பானில் பாவித்த கார் ஒன்றை வாங்கினார். ஓட்டோ கியர். இடது காலுக்கு வேலையே இல்லை. கோயிலில் பூசை போடுவதற்கு முன்தினம் அதை அலுவிகாரையில் கராஜ் வைத்திருந்த நானாவிடம் கொண்டுபோனோம். முஸ்லிம் ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் வேனைப் பல வருடமாக அவர்தான் பார்த்தார். காருக்குப் பிரேக் பேட் மாற்றி, தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைத் தந்தார்.

"இடது கால மடிச்சு வச்சுக்கங்க தம்பி. அது இன்னும் வேன்ல இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு வரும்" என்று சிரித்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. செருப்பைக் கழற்றி, குழாயடியில் கால் கழுவி, உள்ளே போய்க் கும்பிட்டேன். அபிஷேகம் முடிந்து மஞ்சள் தண்ணீர் வாசல்வரை ஓடியிருந்தது. அதை மிதித்துக்கொண்டுதான் காரில் ஏறினேன். சாமி முன்னால் நிற்கும் வண்டியில் செருப்போடு உட்கார எங்களில் யாருக்கும் மனம் வராது. ஐயர் கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வாசல் கொஞ்சம் மேடு. பிரேக்கை விட்டதும் கார் தேசிக்காயில் தட்டி நின்றது. வலது காலால் எக்ஸிலேட்டரை மெதுவாக மிதித்தேன். காய் நசுங்கியது, கார் ஒரு துள்ளுத் துள்ளியது. நிறுத்த மிதித்தேன், பாய்ந்தது. இன்னும் அழுத்தினேன். அழுத்த அழுத்த வேகம் கூடியது. வாசலோரம் மேசை போட்டுப் பூக்கட்டும் அக்கா எழும்பப் பார்த்தார். மதில்தான் காரை நிறுத்தியது. மதிலுக்கும் காருக்கும் நடுவில் அந்த அக்கா இருந்தார்.

கதவைத் திறந்து யாரோ என்னை வெளியே இழுத்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

"பிரேக் பிடிக்கல" என்றேன்.

அப்போது நான் பொய் சொல்லவில்லை. என் கால் பிரேக்கில்தான் இருந்தது என்று நம்பினேன். அக்காவுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் பொலிஸ் வளவில் காரைச் சோதித்தார்கள். நானாவையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நானா டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, குந்தியிருந்து கீழே பார்த்தார். நானும் குனிந்தேன். எக்ஸிலேட்டர் ரப்பரில் மஞ்சள் காய்ந்து, விரல் விரலாக ஆழ அழுந்திய கால் தடம். பக்கத்தில் பிரேக் பெடலில், ஸ்டார்ட் செய்யும்போது மிதித்த லேசான கறை ஒன்றுதான் இருந்தது.

"தம்பி, கால் எங்க இருந்துச்சு?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"பிரேக்கில நானா" என்றேன். அதுதான் முதல் பொய்.

அவர் எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டார். சோதித்தவரும் பிரேக்கில் பிழை இல்லை என்றுதான் எழுதினார். லோயர் சொன்னபடி கோர்ட்டில் குற்றத்துக்குத் தலையாட்டினேன், லைசன்ஸ் போனது. எல்லாம் சிங்களத்தில், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. கடைவீதியில் யாரும் அந்தச் சோதனைக் கடதாசியைத் தேடவில்லை. அங்கே நான் கோயில் வாசலில் சொன்ன வார்த்தைதான் நடந்து திரிந்தது. நானா போட்ட பிரேக்காம், ஒரு நாள்கூடத் தாங்கவில்லையாம்.

ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் நான் இருக்கும்போதே ஒருவன் சொன்னான். "கோயிலுக்குப் போற வண்டின்னு தெரிஞ்சுதானே கைய வச்சிருக்கான்." பக்கத்திலிருந்தவன் சிரித்தான். இருவருமே நானாவிடம் வண்டி திருத்தக் கொடுத்தவர்கள். நான் பாதி பிளேன்டீயை வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

அதன் பிறகு நானா ஒரு முறை என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசலில் நின்றபடி, "கோயில் கமிட்டிக்காரங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க தம்பி. அவங்க சொன்னா சனம் கேக்கும்" என்றார். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை போனேன். குழாயடியில் கால் கழுவினேன். மண்டபத்தில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் மேசை இருந்த இடத்தில் மதிலுக்குப் புதுச் சீமெந்து பூசியிருந்தது. ஈரக் காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஆறு மாதத்தில் அலுவிகாரைக் கராஜ் பூட்டிக் கிடந்தது.

போன கிழமை ஒரு வேலையாகக் கலேவெலைக்குப் போனபோது, பஸ் நிற்கும் இடத்துக்கு அருகே தகரக் கூரையின் கீழே அவரைக் கண்டேன். யாரோ ஒருவரின் உழவு மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். கிட்டப் போய், நின்றபடியே சொன்னேன். பெடலை நானும் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் பொய் சொன்னேன் என்றேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்கு அன்னைக்கே தெரியும். தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

உட்காரச் சொல்லவில்லை. நானும் பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

வாயால் சொல்ல இன்னும் எனக்கு வராது. அதனால் இதை மூன்று பிரதி எழுதுகிறேன். இதில் ஒன்றைக் கமிட்டிக்கும் ஒன்றைப் பூக்கட்டும் அக்காவுக்கும் என் கையாலேயே கொடுப்பேன். மூன்றாவது கலேவெலைக்கு. நானாவின் வேலையில் ஒரு பிழையும் இல்லை. பிரேக் என்று நினைத்து எக்ஸிலேட்டரை மிதித்தேன். அக்காவின் கால் போனது என் காலால்.

2025 ஒக்டோபர் 14.